ஏற்றவர் யார்?

'மின்னணு வங்கிச் சேவையை வாடிக்கையாளர் ஏற்பதைத் தீர்மானிக்கும் காரணிகள்' என்னும் பொருளில் நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் குவிகின்றன. வினாநிரல், ஐந்து புள்ளி அளவுகோல், அட்டவணைகள்; இறுதியில் மாறாத ஒரு கண்டுபிடிப்பு: மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை. இதை நாம் மறுக்கிறோம்.

இவ்வகை ஆய்வுகள் பலவும் ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியின்மேல் சாய்ந்து நிற்பவை. ஒரு கருவி பயனுடையது, எளியது என்று கருதுபவர் அதை ஏற்பார் என்பது அதன் சாரம். டேவிஸ் தம் அளவுகோலைச் சோதித்தது டொராண்டோ ஐ.பி.எம். ஆய்வக ஊழியர்களிடமும் பாஸ்டன் பல்கலைக்கழக மேலாண்மை மாணவர்களிடமும். அவர்களால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணால் முடியுமா?

கூலியை வங்கிக் கணக்கில் செலுத்தத் தொழிலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று கூலி வழங்கல் சட்டம் சொல்லிவந்தது. 2016 நவம்பர் 8 இரவில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமற்போயின. மறுமாதமே அவசரச் சட்டம், 2017இல் திருத்தச் சட்டம். ஒப்புதல் என்னும் நிபந்தனை மறைந்தது. கேட்கப்படாதவரை 'ஏற்றார்' என்று எழுதுவது எவ்வகை இலக்கணம்? (தமிழில் ஏற்றலுக்கு இரத்தல் என்றும் பொருளுண்டு, ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்ற அந்த மாதங்களுக்கு அப்பொருள்தான் பொருந்தும்.)

கணக்கைத் தொடர்ந்து கட்டணம். 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை, குறைந்தபட்ச இருப்பு இல்லாதோரிடம் பாரத ஸ்டேட் வங்கி திரட்டிய அபராதம் 1,771 கோடி ரூபாய். 2020இல்தான் அதைக் கைவிட்டது. தோல் தொழிலில் ஆர்டர் குறைந்தால் ஆட்குறைப்பு. வேலை போனால் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காகிவிடும், பல வங்கிகளில் இருப்பு விதி அங்கே காத்திருக்கும்.

வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களின் கதை வேறு. ஜோடிக்கு இவ்வளவு என்று தரகர் தருவது ரொக்கம். தாம் தொழிலாளி என்பதற்கே சான்றில்லாத அவர்களுக்கு வங்கிப் பதிவு உண்மையில் உதவும். அவர்களை எந்தச் சட்டமும் அவசரமாகத் தேடிவரவில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்குடைய இந்தியப் பெண்கள் 78.6 விழுக்காடு, தாமே பயன்படுத்தும் கைப்பேசியுடையோர் 53.9. இடைவெளியில் நிற்பவள் கூலியின் குறுஞ்செய்தி கணவனுக்கோ மகனுக்கோ போகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதித்தது. நாளெண்ணிக்கை தொடங்குவது வங்கியின் செய்தி கிடைத்ததிலிருந்து. அவளுக்குக் கிடைத்ததா என்பதை யார் பார்ப்பது?

அடுத்த வினாநிரலில் ஆய்வாளர்கள் மூன்று வினாக்களைச் சேர்க்கட்டும்: அட்டை யார் கையில் இருக்கிறது, செய்தி யார் பேசிக்கு வருகிறது, வேண்டாமென்றால் கம்பெனி என்ன செய்யும்?