நம் செய்திக்குச் சொந்த விலாசம் வேண்டும்

2020 ஏப்ரல் 14. ஊரடங்கு நீட்டிக்கப்பட்ட அன்று, மும்பை பாந்திரா ரயில் நிலையத்தின் முன் ஆயிரக்கணக்கான வெளியூர்த் தொழிலாளர்கள் திரண்டார்கள். ஊருக்கு ரயில் விடப் போகிறார்கள் என்ற வதந்தி கைபேசிக்குக் கைபேசி பறந்திருந்தது. ரயில் வரவில்லை, தடியடிதான் கிடைத்தது. பொய் எப்படிப் பரவியது என்று ஏடுகள் எழுதின. மெய்யை எங்கே போய்ப் பார்ப்பது? நம் கேள்வி அதுதான்.

நம்மைப் போன்ற சங்கங்களின் அறிவிப்புகள் வாட்ஸப் குழுவிலும் பேஸ்புக் பக்கத்திலும் கிடக்கின்றன. இரண்டும் ஒரே முதலாளியின் வீடு. வாடகை வாங்காத வீட்டுக்காரன் நம்மிடம் வேறு எதை வாங்கிக்கொள்கிறான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். காலி செய் என்றால் எங்கே போவோம்? ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. 2020 ஜூனில் டிக்டாக்கை அரசு தடை செய்தபோது, வேலை முடித்து வந்து ஆடிப்பாடிப் பெயர் வாங்கிய எத்தனையோ ஏழைகள் தம் ரசிகர்களை ஒரே நாளில் இழந்தார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். உள்ளே குடியிருந்தவர்களை யார் கேட்டார்கள்?

மின்னஞ்சல் அப்படியல்ல. ஒரு கம்பெனியின் பெட்டியிலிருந்து மற்றொரு கம்பெனியின் பெட்டிக்குக் கடிதம் போகிறது. காரணம், அது நடப்பது பொது விதிமுறையில். சமூக வலைக்கும் இன்று அத்தகைய பொது விதிமுறைகள் உண்டு.

மூத்தது ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் உலக வலைச் சங்கம் இதை ஏற்றது. மாஸ்டடான் இதன்படிதான் இயங்குகிறது. இதில் ஒரே முதலாளி கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. 2019 நவம்பரில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது நம் நாட்டினர் பலர் இங்கே வந்தார்கள். ஆனால் நம் விலாசம் வழங்கியின் பெயரோடு ஒட்டியது. வேறு வழங்கிக்கு மாறினால் பின்தொடர்வோர் கூட வருவார்கள், எழுதியவை வராது. வழங்கி சொல்லாமல் மூடினால் அதுவும் இல்லை. மாஸ்டடான் தன் பட்டியலில் சேர்க்கும் வழங்கிகளிடம், மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே சொல்வதாக உறுதி வாங்குகிறது. குடியிருப்பவனுக்கு நோட்டீஸ் காலம் என்பது எவ்வளவு பெரிது என்று நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை.

புளூஸ்கை இந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தது. அதன் விதிமுறையில் நம் எழுத்தும் நம்மோடு வீடு மாறலாம். சங்கத்தின் இணையப் பெயரையே கணக்குப் பெயராக வைக்கலாம். ஏட்டளவில் இது சிறந்தது. நடப்பில் பெரும்பாலோரின் கணக்குகள் அந்த ஒரு கம்பெனியின் கணினிகளிலேயே இருக்கின்றன. கதவு திறந்திருக்கிறது என்பதும் வெளியே வீடு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

நோஸ்டரில் வீட்டுக்காரனே இல்லை. ஒரு நீண்ட ரகசியச் சாவிதான் கணக்கு. எவரும் அதைப் பறிக்க முடியாது. தொலைந்தால் எவரும் மீட்டுத் தரவும் முடியாது. நெரிசல் ரயிலில் கைபேசி பறிபோவது வாடிக்கையாகிவிட்ட நமக்கு இது ஒத்துவராது என்றே கருதுகிறோம். தனி வல்லுநர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. மாஸ்டடானில் அனுப்பும் தனிச்செய்தியை வழங்கியை நடத்துபவர் விரும்பினால் படிக்க முடியும். கூலி பாக்கி, மேஸ்திரி மீது புகார் போன்றவற்றை அங்கே பேசக் கூடாது. அதற்கு வாட்ஸப் போலவே பூட்டிட்டு அனுப்பும் மேட்ரிக்ஸ் இருக்கிறது. அதுவும் பொது விதிமுறையே.

வாட்ஸப்பை இன்றே விடச் சொல்லவில்லை. ஊரிலுள்ள அம்மாவும் அக்காவும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அதில் போகும் ஒவ்வொரு அறிவிப்பும் முதலில் சங்கத்தின் சொந்தப் பக்கத்தில் ஏறட்டும். ரயிலா, ரேஷனா, எதுவானாலும் யாரும் கணக்கில்லாமலே திறந்து சரிபார்க்கட்டும். அங்கிருந்து மாஸ்டடானுக்கும் புளூஸ்கைக்கும் போகட்டும். இணையப் பெயரைச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்ய வேண்டும், செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் அல்ல. செயலாளர்கள் மாறுவார்கள், ஊர் போவார்கள். கடவுச்சொல் பொருளாளரிடமும் இன்னொரு நிர்வாகியிடமும் எழுத்தில் இருக்கட்டும். ஆண்டுக் கட்டணத்தை அடுத்த பொதுக்குழுவின் வரவு செலவில் சேர்க்குமாறு கேட்கிறோம்.