பிஸ்ட்ரோவின் பின்கதவு

பாரிஸ் நகரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலும் இரண்டு உணவகங்கள் இடம்பெற்றுவிடும். ஒன்று 'கஃபே த ஃப்ளோர்', மற்றொன்று 'லே தோ மாகோ'. சார்த்தரும் சிமோன் த போவுவாரும் அமர்ந்து எழுதிய இடங்கள் என்பதால் இலக்கிய வாசகர்களுக்கு அவை திருத்தலங்கள். ஆனால் ஒரு நகரம் எப்படி உண்கிறது, எப்படிக் குடிக்கிறது, எப்படிப் பேசுகிறது என்று அறிய விரும்புகிறவர் திருத்தலத்தைவிடத் தெருமுனையைத்தான் பார்க்க வேண்டும். அத்தெருமுனையில் இருப்பது பிஸ்ட்ரோ என்னும் சிறிய உணவகம். அதைப் பார்க்கும்போதும் முன்கதவோடு நின்றுவிடலாகாது. பின்கதவையும் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

பிஸ்ட்ரோவுக்கென்று பெரிய இலக்கணம் எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து மேசைகள்; துத்தநாகத் தகடு வேய்ந்த ஒரு நீண்ட மேடை; அன்றைய உணவு இன்னதென்று சுண்ணக்கட்டியால் எழுதிய கரும்பலகை. ஒயினைப் புட்டியாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு கோப்பையாகவோ கால் லிட்டர், அரை லிட்டர் குடுவையாகவோ கேட்கலாம். உணவோடு வரும் ரொட்டிக்கும் குழாய்நீருக்கும் தனி விலை இல்லை. வாடிக்கையாளர் கேட்கும்வரை பில் வருவதில்லை. இவற்றில் எதுவும் ஆடம்பரமன்று. அளவும் அவகாசமும் முகமறிதலும் சேர்ந்து கிடைக்கும் இடம் என்பதே அதன் சிறப்பு. தனியாக வருகிற முதியவரும் அங்கே தனியாக இருப்பதில்லை.

'ஒயின் பரிமாறும் உணவகம்' என்றதும் தமிழ் வாசகரிடம் ஒரு கூச்சம் எழுவதை நாம் அறிவோம். அதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் 'ஒயின் ஷாப்' என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் தோன்றுவது ஒயின் அன்று, பிராந்தி. 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டின் சில்லறை மதுக்கடைகளை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. வாங்குவதும் குடிப்பதும் விரைவாகவும் மறைவாகவும் நடந்து முடிய வேண்டிய காரியங்களாகிவிட்டன. மேசை, குடும்பம், உரையாடல் ஆகியவற்றிலிருந்து மது முற்றிலும் பிரிக்கப்பட்டு, போதை ஒன்றுக்காக மட்டும் எஞ்சி நிற்கிறது.

தமிழ் மரபு எப்போதும் இப்படி இருந்ததில்லை. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல், அவன் கள்ளைப் பகிர்ந்துண்ட பண்பையே முதலில் நினைவுகூர்கிறது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றியும் புறநானூறு பேசுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அதே மரபில்தான் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவரும் இருக்கிறார். ஆகவே விருந்தின் பகிர்வும் குடியின் கேடும் நமக்கு ஒருசேரத் தெரிந்தவையே.

பிரான்சை முன்மாதிரியாகக் காட்டுவதும் நமது நோக்கமன்று. 2015ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 41,000 மரணங்களுக்கு மது காரணமாயிற்று என்பது அந்நாட்டுப் பொதுநலத் துறையின் மதிப்பீடு. நாகரிகமாகக் குடித்தால் ஈரல் கெடாது என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். 1960களில் ஆண்டுக்குத் தலைக்கு நூறு லிட்டருக்கு மேல் ஒயின் குடித்த அந்தச் சமூகம் இன்று அதில் பாதிகூடக் குடிப்பதில்லை. ஆயினும் மேசையை அவர்கள் விட்டுவிடவில்லை. பிஸ்ட்ரோவில் மது துணைப்பொருள்தான், கூடுகையே முதற்பொருள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி அதன் பிறப்பைப் பார்ப்போம். 1814இல் பாரிஸுக்குள் நுழைந்த ரஷ்யப் படைவீரர்கள் 'விரைவாக' என்ற பொருளில் 'பிஸ்த்ரோ' என்று கத்தியதால் இப்பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். சுவையான கதைதான், ஆனால் அந்தச் சொல் அச்சில் தென்படுவது 1880களில். இடைப்பட்ட எழுபது ஆண்டுகள் அது எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்விக்கு அக்கதையில் விடையில்லை. சொற்பிறப்பு விளையாட்டில் ஈடுபடும் நம்மவர்களும் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

கதையை விட்டுவிட்டு வரலாற்றைப் பார்த்தால் அங்கே நிற்பவர்கள் வேறு மனிதர்கள். நடுபிரான்சின் மலைப்பகுதியான ஓவெர்ஞிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடிப் பாரிஸுக்கு வந்த ஏழைகள் அவர்கள். முதலில் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு விறகும் நிலக்கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஒரு மூலையில் ஒயினும் ஊற்றிக் கொடுத்தார்கள். மனைவிமார் அடுப்பில் ஏதாவது சமைத்துவைக்க, கரிக்கடை மெல்ல உணவகமாயிற்று. அவர்களது பேச்சுமொழியும் கரி படிந்த முகமும் அன்று பாரிஸ்காரர்களின் கேலிக்கு உள்ளாயின. 'பூன்யா' என்று அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. இலக்கியத் திருத்தலமான ஃப்ளோரை 1939இல் வாங்கிய போல் பூபாலும் ஓவெர்ஞ்காரர்தான். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலக் குளிரில் எழுத்தாளர்கள் அங்கே திரண்டதற்குத் தத்துவம் மட்டும் காரணமன்று. அவர் கடையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம். பிரெஞ்சுத்தன்மையின் அடையாளமாக இன்று கொண்டாடப்படும் பிஸ்ட்ரோ, பிழைக்க வந்தவர்கள் கட்டியது என்பதை மறக்கலாகாது.

அந்த வரலாறு இன்றும் தொடர்கிறது. இப்போது அடுப்படியில் நிற்பவர்களில் கணிசமானோர் ஈழத்தமிழர்கள். 1983க்குப் பின் அகதிகளாகப் பாரிஸுக்கு வந்தவர்களில் பலருக்கு முதலில் கிடைத்தது உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. 'கோப்பை கழுவுதல்' என்று புலம்பெயர்ந்தோர் பேச்சில் நிலைபெற்றுவிட்ட தொடர் அது. கழுவியவர்கள் பிறகு காய் நறுக்கினார்கள், நறுக்கியவர்கள் அடுப்பேறினார்கள். கரும்பலகையில் பாரம்பரிய பிரெஞ்சு உணவென்று எழுதப்பட்டிருக்கும் வாத்துக்கால் வறுவலையும் சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகும் மாட்டிறைச்சியையும் பல கடைகளில் ஆக்கி இறக்குவது தமிழ்க் கைகளே. மாட்டிறைச்சியைத் தம் வீட்டில் சேர்க்காத சைவரும் அதன் பக்குவத்தைக் கண்ணாலும் மூக்காலும் கண்டுகொள்கிறார். மதிய வேளை முடிந்து இரவு வேளை தொடங்கும்வரை நடுவே சில மணி நேரம் ஊதியமின்றி வெறுமனே கழியும். கடைசி இரயிலில் வீடு திரும்பி, விடுமுறை நாளில் லா சப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்குகிறவரும் அவரே.

மேசையில் இருப்பவருக்கு இவரைத் தெரியாது. 1933இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் பாரிஸ், லண்டன் வறுமை அனுபவ நூல், பாத்திரம் கழுவுகிறவரின் பார்வையிலிருந்து பாரிஸ் உணவகத்தைக் காட்டியது. தமிழில் பாரிஸில் வாழும் ஷோபாசக்தி, பாத்திரம் கழுவுவது உட்படப் பல வேலைகள் பார்த்து எழுத்தாளரானவர். அவர் நடித்த 'தீபன்' 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. ஆயினும் நாம் வாசித்த அளவில், புலம்பெயர் இலக்கியத்தில் உணவகம் பெரும்பாலும் இழிவின், களைப்பின் இடமாகவே வருகிறது. அவ்விழிவு உண்மை. ஆனால் அடுப்பில் தேர்ந்தவரின் கைத்திறனும் அதில் அவர் கொள்ளும் பெருமிதமும் அதே அளவு உண்மை. முப்பது ஆண்டுகள் அந்நிய உணவை அந்நாட்டவர் ஒப்பும்படி சமைத்த ஒருவரின் அறிவு, இலக்கியத்துக்குள் வர வேண்டிய அறிவு.

இதை நாம் அழகியல் கோரிக்கையாக மட்டும் வைக்கவில்லை. 2008இல் பாரிஸ் வட்டாரத்து உணவகங்களில் வேலை செய்த ஆவணமற்ற தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்கர். வரி கட்டியும் வசிப்புரிமை இல்லாதவர்கள் அந்தச் சமையலறைகளில் இருந்தார்கள் என்பதை ஊர் அப்போதுதான் அறிந்தது. 2015 நவம்பர் 13 இரவில் நடந்த தாக்குதல்களில் 130 பேர் உயிரிழந்தார்கள். குறிவைக்கப்பட்ட இடங்களுள் 10, 11ஆம் வட்டாரங்களின் எளிய தெருமுனை உணவகங்களும் இருந்தன. அடுத்த நாள்களில் மக்கள் மீண்டும் அத்தகைய மேசைகளில் போய் அமர்ந்ததை எதிர்ப்பின் வடிவம் என்று உலகம் பாராட்டியது, பாராட்டத் தக்கதே. ஆனால் அவர்கள் அமர்வதற்கு முன்பே யாரோ உள்ளே வந்து அடுப்பை மூட்டியிருக்க வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகக் கடைகள் மூடப்பட்டபோது, பதிவேட்டில் பெயருள்ள ஊழியருக்கு அரசு ஊதியத்தின் பெரும்பகுதியை ஈடுசெய்தது. பதிவேட்டில் பெயரில்லாதவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

ஒரு நல்ல சிற்றுணவகம் மனிதரை மனிதராக அடையாளம் காணும் இடம் என்று சொன்னோம். அந்த அடையாளம் மேசையோடு நின்றுவிட்டால் அது பாதி நாகரிகம்தான். பாரிஸுக்குச் செல்லும் நம் எழுத்தாளர்கள் ஃப்ளோருக்குப் போகட்டும். தெருமுனைப் பிஸ்ட்ரோவில் ஒரு கோப்பை ஒயினோ, ஒரு கோப்பைத் தண்ணீரோ அருந்தி நிதானமாக உண்ணட்டும். எழுத உட்காரும்போது, அந்தச் சோற்றை யார் ஆக்கினார்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளட்டும். அங்கே அதை எழுதப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பல இடங்களில் தமிழே போதும்.