அனிதா பால்துரையின் தொடக்ககால விளையாட்டு வாழ்வு

அனிதா பால்துரை (பிறப்பு: சூன் 22, 1985) சென்னையைச் சேர்ந்த முன்னாள் கூடைப்பந்து வீராங்கனையும் இந்தியப் பெண்கள் அணியின் முன்னாள் தலைவரும் ஆவார். 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக விளையாடிய இவர், தமது 19ஆம் அகவையில் மூத்தோர் அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பொறுப்பை ஏற்றவர்களுள் மிகவும் இளையவர் இவரே எனக் குறிப்பிடப்படுகிறது. 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. இவரது தொடக்க ஆண்டுகள், இந்தியாவில் ஒரு பெண் கூடைப்பந்தாட்டத்தையே வாழ்வாகக் கொள்ள எவை துணைபுரிகின்றன, எவை தடையாகின்றன என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றன.

பின்னணி

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் இசுப்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய். எம். சி. ஏ. பயிற்சிப் பள்ளியில் சேம்சு நெய்சிமித் என்பவரால் உருவாக்கப்பட்டது. அதே இயக்கத்தின் வழியாகவே இவ்விளையாட்டு இந்தியாவுக்கும் வந்தது. 1920இல் ஆரி குரோ பக் என்பவர் சென்னையில் நிறுவிய ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகளுக்கான உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவித்து இத்தகைய விளையாட்டுகள் பரவ உதவியது. இந்தியக் கூடைப்பந்தாட்டக் கூட்டமைப்பு 1950இல் தோற்றுவிக்கப்பட்டது.

தொடக்க ஆண்டுகள்

பள்ளி நாட்களில் தடகளத்திலும் கைப்பந்தாட்டத்திலும் ஈடுபாடு கொண்டிருந்த அனிதா, 11ஆம் அகவையில் கூடைப்பந்துப் பயிற்சியைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகளுக்குள், அதாவது 2000ஆம் ஆண்டில், இந்தியாவுக்காக விளையாடத் தொடங்கினார்.

அவர் நுழைந்த ஆண்டு இவ்விளையாட்டின் விதிகளிலும் ஒரு திருப்புமுனையாகும். 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக நடைபெற்றுவந்த பன்னாட்டு ஆட்டங்களை 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக மாற்றப் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2000இல் முடிவு செய்தது. பந்தைக் கைக்கொண்ட அணி கூடையை நோக்கி எறிவதற்கான கால வரம்பும் 30 நொடியிலிருந்து 24 நொடியாகக் குறைக்கப்பட்டது. இதனால் ஆட்டத்தின் வேகம் கூடியது. விரைந்து முடிவெடுக்கும் திறனின் தேவையும் மிகுந்தது. அனிதாவின் தலைமுறை இப்புதிய ஆட்டமுறையிலேயே வளர்ந்தது.

வேலைவாய்ப்பும் விளையாட்டும்

அனிதா விளையாடிய காலத்தில் இந்தியப் பெண்களுக்கென நிலையான ஊதியம் தரும் தொழில்முறைத் தொடர் எதுவும் வேரூன்றவில்லை. அந்த இடத்தை அரசுத் துறைகளே நிரப்பின. விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் வேலை பெறும் ஒருவர், ஊழியராகவும் அத்துறை அணியின் வீரராகவும் இருப்பார். அனிதா தென்னக இரயில்வேயில் பணியாற்றினார். தேசியப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் இந்திய இரயில்வே அணி நீண்ட காலமாக மேலோங்கி இருப்பதற்கு இம்முறையே முதன்மைக் காரணம் எனலாம்: நாட்டின் பல பகுதிகளில் உருவாகும் சிறந்த வீராங்கனைகள் வேலைக்காக ஓரிடத்தில் சேர்கின்றனர்.

இம்முறையின் பயன் வெளிப்படையானது. மாத ஊதியம் இருப்பதால், திருமணத்திற்குப் பின்னும் ஒரு பெண் ஆட்டத்தைத் தொடர முடிகிறது. அனிதாவின் 18 ஆண்டு நீண்ட பயணத்திற்கும், தொடர்ந்து ஒன்பது முறை ஆசியப் பெண்கள் கூடைப்பந்து வாகையர் போட்டியில் அவர் பங்கேற்றதற்கும் இத்தகைய பாதுகாப்பு துணையாக இருந்தது. இதன் குறை, வேலை கிடைக்கும் வரையுள்ள இடைவெளியாகும். 14 முதல் 18 அகவை வரையிலான காலச் செலவைக் குடும்பமே பெரும்பாலும் ஏற்க வேண்டியுள்ளது. நெசவுத் தொழிலை நம்பி வாழும் காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் எளிய குடும்பங்களுக்கு இந்த ஆண்டுகளே கடினமானவை. திறமை இருந்தும் மாணவிகள் ஆட்டத்தைக் கைவிடுவது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான் நிகழ்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன.

ஒப்பீடு

அனிதா பிறந்த அதே மாதத்தில் கேரளத்தில் பிறந்தவர் கீத்து அன்னா சோசு. இவரும் தென்னக இரயில்வேயில் பணியாற்றியவரே. ஆத்திரேலியாவின் ரிங்வுட் ஆக்சு அணிக்காக விளையாடிய இவர், 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைத் தொடரான டபிள்யூ. என். பி. ஏ. அணிகளின் தேர்வுப் பயிற்சிகளிலும் பங்கேற்றார். ஆயினும் அத்தொடரில் விளையாடும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை.

பிரான்சு நாட்டின் தொமினிக் மலோங்கா (பிறப்பு: 2005) வேறொரு பாதையைக் காட்டுகிறார். தம் நாட்டின் தொழில்முறைத் தொடரிலேயே வளர்ந்த இவர், 18ஆம் அகவையில் 2024 பாரிசு ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியில் இடம்பெற்றார். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 67–66 என ஒரே புள்ளியில் வென்றது. 2025இல் டபிள்யூ. என். பி. ஏ. வீராங்கனைத் தேர்வில் இரண்டாவதாகத் தெரிவு செய்யப்பட்டு, சியாட்டில் இசுடோர்ம் அணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 19 அகவை. அதே அகவையில்தான் அனிதா இந்திய அணித்தலைவரானார். இருவருக்கும் இளமையிலேயே பெரும் பொறுப்பு கிடைத்தது. ஆனால் மலோங்காவுக்கு ஆண்டு முழுவதும் வலுவான எதிரணிகளுடன் ஆடும் வாய்ப்பு இருந்தது. இந்திய வீராங்கனைகளுக்கோ அத்தகைய ஆட்டங்கள் பன்னாட்டுப் போட்டிகளின்போது மட்டுமே கிடைத்தன.

பின்விளைவுகள்

2009இல் ஆசியப் பெண்கள் வாகையர் போட்டி சென்னையில் நடைபெற்றது. சீனா வாகை சூடியது. அனிதா தேசிய அணியிலிருந்த கடைசி ஆண்டான 2017இல், பெங்களூரில் நடைபெற்ற ஆசியக் கோப்பை 'பி' பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியா கசக்கசுத்தானை 75–73 என வென்று மேற்பிரிவுக்கு உயர்ந்தது. ஆனால் 2019இல் அதே நகரில் நடைபெற்ற மேற்பிரிவுப் போட்டியில் இந்தியா எட்டாவது இடத்தையே பெற்றது. இந்தியப் பெண்கள் அணி இதுவரை ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதில்லை. வேலை ஒதுக்கீடு வீராங்கனைகளை ஆட்டத்தில் நிலைத்திருக்கச் செய்கிறது. அவர்களை மேலும் உயர்த்துவதற்குத் தொடர்ச்சியான கடும் போட்டி தேவை என்பதையே இம்முடிவுகள் உணர்த்துகின்றன.