மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா?



மடுல்கெல்லயில் எங்கள் பெரியம்மாவின் லயத்துக்குப் போக, வீதியிலிருந்து அறுபது படிக்கு மேல் ஏற வேண்டும். முப்பது வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியவர் அவர். ஆனால் ஐம்பத்தாறு வயதில், அந்தப் படிகளில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். "வயசு போச்சு புள்ள, இனி அப்புடித்தான்" என்பார். நானும் நம்பிவிட்டேன். பின்னேரமானால் கால் வீங்கும். இரவில் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாது. நாள் முழுக்க நின்ற அசதி என்றே எல்லோரும் நினைத்தோம்.

அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது எட்டு வருடமாகத் தெரியும். ஆனால் கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று குளிசையை மாதக்கணக்கில் விட்டுவிடுவார்.

ஒரு நாள் மூச்சு முட்டி, கண்டிக்குக் கொண்டுபோனோம். பரிசோதனைகளை முடித்த டொக்டர் சொன்னார்: "இரத்தக் குழாயில் பெரிய அடைப்பு இல்லை. இருதயம் நன்றாகத்தான் சுருங்குகிறது. ஆனால் சரியாக விரியவில்லை, இறுகிப் போயிருக்கிறது."

சீனி கூடினால் கண் போகும், சிறுநீரகம் போகும், காலில் புண் ஆறாது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இருதயம் எப்படி இறுகும்? அதைத்தான் இந்த மாதம் தேடிப் படித்தேன்.

இருதயம் தசையால் மட்டும் ஆனதல்ல. தசைக் கலங்களுக்கு நடுவே, அவற்றைப் பிணைத்துத் தாங்கும் தொடுப்பிழையக் கலங்களும் உண்டு. இவற்றை 'பைப்ரோபிளாஸ்ட்' என்கிறார்கள். கொலாஜன் என்ற நாரை அளவாகச் செய்து, பழையதைக் கரைத்து, இருதயத்தின் சட்டகத்தைப் பராமரிப்பதுதான் இவற்றின் வேலை.

ஆய்வுகூடங்களில் இந்தக் கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தட்டில் சாதாரண இரத்தத்தில் உள்ளதுபோல் டெசிலீற்றருக்கு சுமார் 100 மில்லிகிராம் குளுக்கோசு, மற்றதில் சுமார் 450. சீனி கூடிய தட்டில் கலங்கள் குணம் மாறின. காயத்தை மூடும் வேளையில் வேலை செய்வதுபோல், கொலாஜனை அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்தன. ஆனால் அங்கே காயம் எதுவும் இல்லை!

இன்னொரு கேடும் உண்டு. கல்லில் போட்ட ரொட்டி சிவந்து மொறுமொறுப்பாவது, மாவிலுள்ள சீனியும் புரதமும் சேர்வதால். இதை 1912இல் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விளக்கினார். உடம்புக்குள்ளும் இதேபோல மிக மெதுவாக நடக்கிறது. இரத்தத்தில் மிஞ்சிய சீனி கொலாஜன் நார்களில் ஒட்டி, ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. நார் கூடி, கூடிய நாரும் விறைத்தால், இருதயம் எப்படி விரியும்? இரத்தம் உள்ளே வர இடமில்லாமல் நுரையீரலில் தேங்கும். படி ஏறும்போது மூச்சு வாங்குவது அதனால்தான்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. இரத்தக் குழாய் அடைப்பு இல்லாமலே நீரிழிவால் இருதயம் கெடும் என்று 1972இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அந்நாட்டின் பிரமிங்ஹாம் நகரில் நடந்த நீண்ட ஆய்வு 1974இல் சொன்னது நமக்கு முக்கியம். நீரிழிவுள்ள ஆண்களுக்கு இருதயம் பலவீனப்படும் ஆபத்து இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பெண்களுக்கோ ஐந்து மடங்கு!

இறுகிய நாரைப் பழையபடி இளக்குவது கடினம். இறுகாமல் காப்பதுதான் நம் கையில் உள்ளது. ஆகவே:

* வெறும் வயிற்றில் பார்க்கும் சீனி 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று கொள்வார்கள். 100க்கும் 125க்கும் இடையில் இருந்தாலும் கவனம் தேவை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

* உடம்பு நன்றாக இருக்கிறது என்று குளிசையை நிறுத்தாதீர்கள். இருதயம் இறுகும்போது வலிக்காது.

* மேட்டில் மூச்சு வாங்குதல், கால் வீக்கம், தலையணை கூடுதல் இவற்றை டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

* பிளேன்டீக்குச் சீனியைக் குறையுங்கள். மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி என்றால், ஒரு வேளையாவது அளவைக் குறைத்துக் கீரையும் பருப்பும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரியம்மா இப்போது குளிசை தவறுவதில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது. படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தவர் ஒரு இடத்தில் உட்காருகிறார். அந்த ஓரிடம் இனிப் போகாது போலிருக்கிறது.

கிளினிக் போகும் நாளில் போவது ஒரு நாள் சம்பளம். போகாமல் விட்ட எட்டு வருடத்தின் கணக்கை, அவர் அந்தப் படியில் உட்காரும்போதெல்லாம் நான் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியோ மூச்சு வாங்கினால், வயதின்மேல் பழியைப் போடாமல் இந்த வாரமே கூட்டிப்போங்கள்.