சைரன் வைத்த டார்ச் லைட்: கோவை இரவுகளில் உண்மையிலேயே கைகொடுக்குமா?

‘130 டெசிபல் சைரன், கண்ணைக் கூச வைக்கும் ஸ்ட்ரோப் லைட், கைக்கு அடக்கமான தற்காப்புக் கருவி!’ ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது இப்படி ஒரு ‘டாக்டிகல்’ டார்ச் விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். சரவணம்பட்டியில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கும் இதைத்தான் காட்டுகிறார்கள், தடாகம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்களுக்கும் இதைத்தான் காட்டுகிறார்கள்.

2025 நவம்பர் 2 இரவு கோவை விமான நிலையம் அருகே கல்லூரி மாணவி ஒருவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ‘ராத்திரி வெளியே போனா கையில என்ன வச்சுக்கறது?’ என்ற கேள்வி அதற்குப் பிறகு பல வீடுகளில் எழுந்திருக்கும்.

சரி, இந்த டார்ச்சை வாங்கலாமா? அதன் சத்தம் யார் காதில் விழப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

‘130 டெசிபல்’ என்றால் எவ்வளவு சத்தம்?

எத்தனை டெசிபல் என்று மட்டும் சொன்னால் போதாது, எவ்வளவு தூரத்தில் அளந்தது என்பதும் தெரிய வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும்.

உதாரணமாக, 1 மீட்டரில் 120 டெசிபல் கொடுக்கும் சைரன், 100 மீட்டரில் 80 டெசிபலாகக் கேட்கும். அதுவே 10 செ.மீ. தூரத்தில் வைத்து அளந்த 120 டெசிபல் என்றால், 100 மீட்டரில் மிஞ்சுவது வெறும் 60. கிட்டத்தட்ட நாம் சாதாரணமாகப் பேசும் சத்தம். பெட்டியில் இருப்பது ஒரே எண்தான், ஆனால் தெருமுனை வரை கேட்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அவிநாசி ரோடு டிராஃபிக்கில் அந்த 60 டெசிபல் கரைந்துபோகும். இரவு 11 மணிக்கு அடங்கிப்போன ஒரு குடியிருப்புத் தெருவில் யாராவது ஜன்னலைத் திறந்து பார்க்கலாம். சுற்றிலும் ஆளே இல்லாத காலி மனைகளுக்கு நடுவே என்றால்? எத்தனை டெசிபலாக இருந்தாலும் கேட்க ஆள் வேண்டுமே.

ஸ்ட்ரோப் லைட் ஆளை முடக்கிவிடுமா?

இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று அடித்தால் சில நொடிகள் கூசும், தடுமாற வைக்கும். தப்பித்து ஓட அந்த நொடிகள் உதவலாம். ஆனால் தெருவிளக்கு வெளிச்சத்தில் இந்த விளைவு குறைவு. தாக்க வருபவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார் என்று நம்பி எதிர்த்து நிற்க வேண்டாம்.

வெளிச்சத்திலும் எண் விளையாட்டு உண்டு. டார்ச்சுகளுக்கான ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்-1 தரநிலையில், ‘300 மீட்டர் ரேஞ்ச்’ என்றால் அந்தத் தூரத்தில் 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் என்றே பொருள். அது ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். ஆள் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் பாதி தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே நல்லது. ஒற்றை 18650 செல் போட்ட டார்ச்சில் ‘10,000 லூமென்’ என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

போன் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. இந்தியாவில் 2017 முதல் விற்கும் போன்களில் அவசர அழைப்பு பட்டன் வசதி கட்டாயம். பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனை மளமளவென்று சில முறை அழுத்தினால் போதும். 112-ஐ நேரடியாக அழைக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியிலும் அவசர பட்டன் இருக்கிறது.

வித்தியாசம் என்னவென்றால், போன் தூரத்தில் இருக்கும் போலீஸைக் கூப்பிடும், சைரன் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடும். போனைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்களுக்கு, கையில் தனியாக ஒரு சைரன் இருப்பது கூடுதல் பலம்தான். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று கிடையாது.

யானை வந்தால் சைரன் அடிக்கலாமா?

கூடாது. தடாகம், மருதமலை, நரசீபுரம், மதுக்கரை பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஊருக்குள் இந்தச் சத்தம் உதவிக்கு வருபவரின் காதுக்குப் போகிறது. இங்கே முதலில் கேட்கப்போவது யானை. அருகில் நிற்கும் யானையைச் சைரனும் ஸ்ட்ரோப்பும் மிரள வைக்கும். மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

ஆசிய யானைகள் மணிக்குச் சுமார் 24 கி.மீ. வேகத்தில் ஓடியது அளவிடப்பட்டிருக்கிறது. 30 மீட்டர் தூரத்தில் நிற்கும் யானை உங்களை எட்ட ஐந்து நொடிகூட ஆகாது.

வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பு செய்ததைப் பாருங்கள். யானை நடமாட்டம் இருந்தால் மக்களுக்குக் குறுஞ்செய்தி போகும், முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு யானையை விரட்ட வைத்ததில்லை, ‘இந்தப் பக்கம் வராதீங்க’ என்று மனிதர்களுக்குச் சொல்ல வைத்தது. தோட்டத்தில் டார்ச்சின் வேலையும் அதுதான். வெளியே காலடி வைக்கும் முன் பாதையைப் பார்க்க, யானை தெரிந்தால் சத்தமில்லாமல் உள்ளே திரும்பிவிட. பிறகு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வாங்குவதென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

* எத்தனை டெசிபல், எவ்வளவு தூரத்தில் அளந்தது என்ற இரண்டும் போட்டிருக்க வேண்டும்.
* சைரனுக்குத் தனி பட்டனோ, இழுக்கும் பின்னோ வேண்டும். நாலு முறை அமுக்கி மோடு மாற்றும் டார்ச் பதற்றத்தில் உதவாது.
* பைக்குள் தானாக அலறாமல் இருக்க லாக் வசதி வேண்டும்.
* மழைக்கு ஐ.பி.எக்ஸ்-4 தரமாவது இருக்கட்டும்.
* லைட்டுக்கும் சைரனுக்கும் ஒரே பேட்டரிதான். வாரம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள்.
* சைரனைக் காதருகே வைத்து சோதிக்காதீர்கள். கையை நீட்டி, ஒரு நொடி போதும்.

வாங்கியதும் ஒரு சின்ன சோதனை செய்யலாம். பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட்டு, பகல் நேரத்தில் உங்கள் தெருமுனையில் நின்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்கிறதா? கேட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறீர்களா?

கேட்கவில்லை என்றாலோ, கேட்பதற்கு ஆளே இல்லாத வழி என்றாலோ அந்த வழிக்குத் தேவை வேறு. எரியும் தெருவிளக்கு, ரோந்து வண்டி, கம்பெனி கேப் வீட்டு வாசல் வரை வருவது. இவற்றைக் கேட்க வேண்டியது மாநகராட்சியிடமும் காவல்துறையிடமும் வேலை கொடுப்பவரிடமும். டார்ச் வாங்கியாச்சு என்பதற்காக அந்தக் கேள்வியை நிறுத்திவிட வேண்டாம்.