மீண்டும் கட்டும் பொதியில் தமிழ் இருக்கிறதா?

ஒரு கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் மென்பொருளை மீண்டும் பொதியாகக் கட்டி, இன்னொரு கணினியில் நிறுவ முடியுமா? லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இது புதிய செய்தியன்று. டெபியன் குடும்பத்தில் இதற்கென்றே ஜோயி ஹெஸ் எழுதிய 'டிபிகேஜி-ரீபேக்' என்ற கருவி இருக்கிறது. ஃபெடோரா போன்றவற்றில் 'ஆர்பிஎம்-ரீபில்ட்' உண்டு. மூலப்பொதி கிடைக்காத போதும், இணைய வசதியில்லாத இடத்திற்கு மென்பொருளைக் கொண்டு செல்லும் போதும் இவை கைகொடுக்கின்றன.

இது எப்படிச் சாத்தியமாகிறது? வீடு மாறும்போது, எந்தப் பொருள் எந்த அறையில் இருக்கிறது என்று எழுதி வைத்த பட்டியல் இருந்தால் மூட்டை கட்டுவது எளிது அல்லவா? டெபியனும் அத்தகைய பட்டியலை வைத்திருக்கிறது. ஒரு பொதியை நிறுவும்போது, அதன் கோப்புகள் எங்கெங்கே வைக்கப்பட்டன, நிறுவும்போதும் நீக்கும்போதும் இயங்க வேண்டிய கட்டளைகள் எவை என்பதையெல்லாம் அது குறித்துக்கொள்கிறது. மறுபொதியாக்கும் கருவி அக்குறிப்பைப் படித்து, கோப்புகளைத் திரட்டி, மீண்டும் ஒரே பொதியாக்குகிறது. மூலநிரலிலிருந்து 'மேக் இன்ஸ்டால்' கொடுத்து நேரடியாக நிறுவியவற்றுக்கு இந்தக் குறிப்பு இல்லை. ஆகவே அவற்றை இக்கருவியால் பொதியாக்கவும் முடியாது.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. இக்கருவி கட்டித் தருவது தயாரிப்பாளர் வெளியிட்ட மென்பொருளை அன்று. அந்தக் கணினியில் இன்று எஞ்சியிருப்பதைத்தான். அமைப்புக் கோப்பில் யாராவது மாற்றம் செய்திருந்தால் அம்மாற்றமும் பொதிக்குள் ஏறிவிடும். ஏதேனும் ஒரு கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அது இல்லாமலே பொதி உருவாகும். பெயர் மட்டும் பழைய பெயராகவே இருக்கும்.

இதில் தமிழுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். டெபியனில் பல மென்பொருள்களின் தமிழ் மொழிபெயர்ப்பு அந்தந்தப் பொதிக்குள்ளேயே சிறு கோப்பாக வருகிறது. வட்டில் இடத்தை மிச்சப்படுத்த 'லொக்கேல்-பர்ஜ்' என்ற கருவியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். தக்கவைக்க வேண்டிய மொழிகளை மட்டும் தேர்ந்தெடுத்தால், மற்ற மொழிகளின் கோப்புகளை அது நீக்கிவிடும். கொள்கலன்களுக்கென வெளியிடப்படும் சில சிறிய அமைப்புகளிலோ, மொழிபெயர்ப்புகள் தொடக்கத்திலேயே விலக்கப்படுகின்றன. இத்தகைய கணினியில் கட்டிய பொதியை நூறு கணினிகளுக்கு அனுப்பினால், நூறு கணினிகளிலும் தமிழ் இராது. அதைப் பெறுபவர், இம்மென்பொருளில் தமிழே கிடையாது என்றுதான் எண்ணுவார்.

"தமிழில் யார் மெனு படிக்கப் போகிறார்கள்?" என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். இது எனக்குப் பழகிய கேள்விதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் எல்லாவற்றையும் தமிழில் எழுதிய நான், தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது தமிழ் வகுப்பு கால அட்டவணைக்கு வெளியே இருந்தது. யாரும் தமிழைத் தடை செய்யவில்லை. அட்டவணையில் இடமில்லை, அவ்வளவுதான். படிக்க ஆளில்லை என்பதால் இடம் தரவில்லையா, இடம் தராததால் ஆளில்லாமல் போனதா? கணினியிலும் இதே கேள்விதான் எழுகிறது. மிச்சமாகும் இடமோ, இன்றைய வட்டுகளின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

நிறுவப்பட்ட கோப்பிலிருந்து மொழிபெயர்ப்பை மீட்கலாமே என்றும் சிலர் வாதிடலாம். கோப்பு இருந்தால் மீட்கலாம். 'கெட்டெக்ஸ்ட்' தொகுப்பிலுள்ள ஒரு கருவி அதைப் படிக்கக்கூடிய வடிவத்திற்கு மாற்றித் தரும். ஆனால் ஒரு சொல்லை ஏன் தேர்ந்தெடுத்தோம் என மொழிபெயர்ப்பாளர்கள் எழுதி வைத்த குறிப்புகள் அதில் இரா. அவை மூலக்கோப்பில் மட்டுமே உள்ளன. ஊதியம் வாங்காமல் இரவெல்லாம் விழித்துச் சொல் தேடிய தன்னார்வலர்களின் உழைப்பில் பாதி அக்குறிப்புகளில்தான் இருக்கிறது.

மறுபொதியாக்கமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. ஆபத்து வேளையில் அது அருமையான கருவி. ஆனால் கட்டுவதற்கு முன் 'டிபிகேஜி' கட்டளையின் சரிபார்ப்பு வசதியை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். காணாமற்போன கோப்புகளையும் மாற்றப்பட்டவற்றையும் அது வரிசையாகக் காட்டிவிடும். மூலப்பொதி கிடைக்கும் வரையில் அதையே பயன்படுத்துங்கள். பிரதி ஒன்றைச் சேமித்தும் வையுங்கள். மறுபொதியாக்கியே ஆக வேண்டுமென்றால், அது மறுபொதி என்பதைப் பெயரிலேயே குறிப்பிடுங்கள்.

நம்மில் பலர் நாளை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கணினிகளை நிர்வகிக்கப் போகிறோம். எந்த மொழியை வைப்பது, எதை நீக்குவது என்று கணினி கேட்கும்போது விடையளிக்கப் போவது நாம்தான். அந்தப் பட்டியலில் தமிழ் என்ற கட்டத்தையும் தேர்ந்தெடுக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைக்கூடத் தர மனமில்லாமல், கணினியில் தமிழ் வளரவில்லையே என்று மேடையில் வருந்துவதில் பயனில்லை!