கரன்ட் போனால் ஜன்னல்களும் போச்சா?

உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். காலையில் கடை திறந்ததும் கம்ப்யூட்டரில் நான்கு ஜன்னல்களைப் பரப்பி வைப்பார். இடதுபக்கம் பட்டா, சிட்டா பார்க்கும் தளம், வலதுபக்கம் ஸ்கேன் செய்த படங்கள், கீழே போட்டோ அளவைக் குறைக்கும் மென்பொருள், ஓரத்தில் கணக்கு எழுதும் எக்ஸெல்.

போன வாரம் கரன்ட் போனது. யூ.பி.எஸ். பழசு, அதுவும் கைவிட்டது. கரன்ட் வந்தபின் எல்லாவற்றையும் தேடித் திறந்து அடுக்குவதற்குள், காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பவர்டாய்ஸ்' போதும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடும். 2024-ல் அதில் 'வொர்க்ஸ்பேசஸ்' என்ற வசதி சேர்ந்தது. வேண்டிய ஜன்னல்களை வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, விண்டோஸ், கன்ட்ரோல் பட்டன்களோடு எஸ்கேப்புக்குக் கீழே உள்ள பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். 'கிரியேட் வொர்க்ஸ்பேஸ்', பிறகு 'கேப்சர்'. ஒரு பெயர் கொடுத்து, டெஸ்க்டாப் ஷார்ட்கட்டையும் டிக் செய்து சேமியுங்கள். அடுத்த முறை அந்த ஷார்ட்கட்டை டபுள் க்ளிக் செய்தால், அத்தனையும் அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.

ஒரு சிக்கல் உண்டு. குரோம் திறக்கும், ஆனால் உள்ளே உங்கள் தளம் இருக்காது. சேமிக்கும்போது குரோமுக்கு நேரே இருக்கும் 'சிஎல்ஐ ஆர்க்யூமென்ட்ஸ்' கட்டத்தில் தளத்தின் முகவரியை ஒட்டிவிடுங்கள். இரண்டு தளம் என்றால் நடுவில் ஓர் இடைவெளி.

'குரோமிலேயே விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறதே?' என்று அக்கா கேட்டார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது சரி. பத்துப் பேர் வந்துபோகும் கடைக்கு வேண்டவே வேண்டாம். லாக்-அவுட் செய்யாமல் போனவரின் பக்கம், அடுத்தவர் கண்முன் அப்படியே திறந்துவிடக்கூடும்.

ஒரு வேடிக்கை. நமக்கு ஜெராக்ஸ் என்றால் நகல்தான். ஆனால் வேலைக்கு ஒரு 'அறை' என்று ஜன்னல்களைப் பிரித்து வைத்து, வேண்டும்போது திரும்ப அழைக்கும் 'ரூம்ஸ்' என்ற ஏற்பாட்டை 1986-லேயே செய்து காட்டியவர்கள், அதே ஜெராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தின் ஹெண்டர்சனும் கார்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வொர்க்ஸ்பேசஸ் நினைவில் வைப்பது ஜன்னல் இருந்த இடத்தைத்தான். அதில் நீங்கள் பாதி நிரப்பிய விண்ணப்பத்தை அல்ல. அது போனது போனதுதான், ஓடிபி-யும் மறுபடி கேட்கும். தளத்தில் 'சேவ் டிராஃப்ட்' இருந்தால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அழுத்துங்கள். எக்ஸெல் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும்; ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதிக்குப் போய் அதை இரண்டு நிமிடமாக்குங்கள்.

அக்காவுக்கு இதையெல்லாம் செய்து கொடுத்துவிட்டு, யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றச் சொன்னேன். விலையைக் கேட்டார். "பார்க்கலாம்" என்றார்.